அந்த கார்பன் எங்கிருந்து வந்தது?

வணக்கம்.

யூரியாவை மூடிய மூசையில் 550 டிகிரி செல்சியஸில் சூடாக்கி கார்பன் நைட்ரைடு தயாரித்தேன். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் போட்டு, அல்ட்ராசவுண்டில் வைத்து மெல்லிய தகடுகளாகப் பிரித்தேன். ஒளியில் கரியமில வாயுவை கார்பன் மோனாக்சைடாக மாற்றும் வினையூக்கியாக அதைச் சோதித்தேன். அதில் 20 மில்லிகிராம், கரியமில வாயு, நீராவி, செனான் விளக்கு, 4 மணி நேரம்: 0.8 மைக்ரோமோல் கார்பன் மோனாக்சைடு கிடைத்தது. பிரிக்காத தூளில் இதில் பாதிதான். தகடு மெலிந்ததன் பலன் என்று எழுதலாமா?

ஓர் ஆய்வு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

இப்போதைக்கு எழுத வேண்டாம். உங்கள் 20 மில்லிகிராமுக்குள்ளேயே ஏறக்குறைய 650 மைக்ரோமோல் கார்பன் இருக்கிறது. அதில் எண்ணூறில் ஒரு பங்கு கழன்று வந்தாலே உங்கள் 0.8 வந்துவிடும். ஆனால் என் முதல் சந்தேகம், தகடுகளில் ஒட்டி நிற்கும் ஆல்கஹால் மேல்தான்; அதிலும் கார்பன் உண்டு.

ஒளி பட்டுப் பிறக்கும் எலக்ட்ரானும், அது விட்டுப்போன காலியிடமான துளையும் தடித்த தூளில் மேற்பரப்பை எட்டுமுன்னே பெரும்பாலும் சேர்ந்து மறைந்துவிடும். சில நானோமீட்டர் தகட்டில் எட்டிவிடும். அது சரிதான். ஆனால் மேற்பரப்பு கூடினால் அதில் ஒட்டும் கரைப்பானும் கூடும். 80 டிகிரி அடுப்பில் உலர்த்தினால் அது முழுதாகப் போகாது. ஆக, இரண்டு மடங்கு என்பது எந்தக் காரணத்தாலும் வந்திருக்கலாம்.

முதலில் கரியமில வாயுவுக்குப் பதில் கார்பனே இல்லாத ஆர்கான் வாயுவை விட்டு, மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்து, அதே 4 மணி நேரம் ஒளி காட்டுங்கள். கார்பன் மோனாக்சைடு வந்தால், ஈரமான ஆர்கானை ஓடவிட்டுக்கொண்டே, வருவது நிற்கும்வரை ஒளியில் வையுங்கள். நிற்கவே இல்லையென்றால் வினை நடக்கும் கலத்தின் மூடியைப் பாருங்கள்: சிலிக்கோன் கிரீஸும் ரப்பர் அடைப்பானும் புற ஊதா ஒளியில் சிதைந்து கார்பனைக் கசியவிடும். இருட்டிலும், வினையூக்கி இல்லாமலும் ஒவ்வொரு முறை ஓட்டுங்கள்.

அதன் பிறகு, சாதாரண கார்பனைவிடக் கனமான கார்பன்-13 கொண்ட கரியமில வாயுவை விட்டுப் பாருங்கள். இங்கே பலர் சறுக்குகிறார்கள். மூலக்கூறுகளை நிறைவாரியாகக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் 29, அதாவது கார்பன்-13 கொண்ட கார்பன் மோனாக்சைடின் நிறை, தெரிந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. கார்பன்-13 கரியமில வாயுவே கருவிக்குள் உடைந்து அதே 29-ஐத் தரும். வாயுக்களைத் தனித்தனியே பிரித்து வெளிவிடும் ஜி.சி. (கேஸ் குரோமடோகிராஃபி) பத்தியில் கார்பன் மோனாக்சைடு வெளிவரும் நேரத்தில் வரும் 29 மட்டுமே கணக்கு. அதே நேரத்தில் சாதாரண கார்பன் மோனாக்சைடின் 28-உம் சேர்ந்து வந்தால், அந்தப் பங்கு வேறெங்கிருந்தோ வருகிறது. நைட்ரஜனும் 28 என்பதால் பத்தி அதைத் தனியே பிரிக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

ஆக்சிஜனையும் அளந்துவிடுங்கள். நீரிலிருந்துதான் எலக்ட்ரான் வருகிறது என்றால், வேறு விளைபொருள் இல்லாத நிலையில், 0.8 மைக்ரோமோலுக்கு 0.4 மைக்ரோமோல் ஆக்சிஜன் இருக்க வேண்டும். அதோடு நைட்ரஜனும் ஏறக்குறைய நான்கு மடங்கு தெரிந்தால் அது காற்றுக் கசிவு. ஆக்சிஜனே இல்லையென்றால் துளைகள் எதையோ தின்றிருக்கின்றன, அநேகமாக அந்த ஆல்கஹாலைத்தான்.

இத்தனையும் தேறினால், இரண்டு தூள்களின் மேற்பரப்பையும் அளந்து, ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு என்று ஒப்பிட்டு எழுதுங்கள்.