தம்பியின் கோபம் அப்பாவின் இரத்தமா?

சகோதரி, தம்பி குடித்துவிட்டு அம்மாவை அடிப்பதாகக் களுவாஞ்சிகுடியிலிருந்து எழுதியிருந்தீர்கள். "அப்பாவின் இரத்தம், மாறாது" என்று மாமா சொல்வது சரியா என்றும் கேட்டிருந்தீர்கள்.

சரியல்ல. பரம்பரைக்குப் பங்கு உண்டு, ஆனால் அது தலைவிதி அல்ல. நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972-73இல் பிறந்த சுமார் ஆயிரம் பேரைச் சிறுவயது முதல் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். 2002இல் வெளியான முடிவின்படி, எம்ஏஓஏ என்ற மரபணு மந்தமாக இயங்கிய ஆண்களில், சிறுவயதில் கொடுமைக்கு உள்ளானவர்களிடமே வன்முறை நாட்டம் கூடுதலாக இருந்தது. அதே மரபணுவோடு கொடுமையின்றி வளர்ந்தவர்களிடம் அப்படி இல்லை. பின்வந்த எல்லா ஆய்வுகளும் இதை ஒரே வலுவில் உறுதிசெய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பா அடித்ததைப் பார்த்தே தம்பி வளர்ந்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. பெரியவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் தாங்களும் அவ்வாறே அடித்ததை 1961இலேயே உளவியலாளர் பண்டூரா காட்டினார்.

போர், சுனாமி, வேலையின்மை, கசிப்பு எல்லாம் நம் பகுதியில் சுமையைக் கூட்டியவைதான். ஆனால் அதே சுமையோடு வாழும் எத்தனையோ பேர் தாயின் மீது கை ஓங்குவதில்லை.

முதலில் அம்மாவின் பாதுகாப்பைப் பாருங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. தம்பி போதையில் இருக்கும்போது வாதாடாதீர்கள். தெளிந்திருக்கும் வேளையில் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். வர மறுத்தால் நீங்களே தேசிய உளநல உதவி இலக்கமான 1926க்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம். நாள்தோறும் குடிப்பவராயின் மருத்துவர் துணையின்றித் திடீரென நிறுத்தச் சொல்லாதீர்கள், வலிப்பு வரக்கூடும்.