பாலைவனத்து ரூட் 66: ஒரே பகலில் எங்கெங்கே நிற்கலாம்?

கேள்வி: டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து லாஸ் வேகாஸுக்கு காரில் போகிறோம். அறுபதைத் தாண்டிய அப்பா, அம்மாவும் வருகிறார்கள். வழியில் பழைய ரூட் 66 சாலைக்கு ஒரு பகல் ஒதுக்கலாம். எதைப் பார்ப்பது?

பதில்: நல்ல மாதம். கோடை என்றால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். ஆனால் டிசம்பரில் நாலரை மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடும். காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுங்கள்.

முதலில் ஓரோ கிராண்டேயில் எல்மர் லாங் அமைத்த பாட்டில் மரத் தோப்பு. இரும்புக் குழாய்களை நட்டு, கிளைபோலக் கம்பிகளைப் பற்றவைத்து, பழைய பாட்டில்களைச் செருகியிருக்கிறார். காலை வெயிலில் பார்க்க அவ்வளவு அழகு. அரை மணி நேரம் போதும். காலிகோ வெள்ளிச் சுரங்க ஊரை இந்த முறை விட்டுவிடலாம். அங்குள்ள கட்டடங்களில் பெரும்பாலானவை பிற்காலத்தில் கட்டியவை.

உங்கள் பகலின் பெரும்பகுதியை ரூட் 66 ஓரத்துச் சிற்றூரான ஆம்பாய்க்குக் கொடுங்கள். 1973-இல் ஐ-40 நெடுஞ்சாலை வந்ததும் வாகனங்கள் அந்தப் பக்கம் போய்விட, ஊரே வெறிச்சோடியது. 1959-இல் எழுந்த ராய்ஸ் என்ற சாலையோர விடுதியின் விளம்பரப் பலகை மட்டும் அம்புபோல இன்றும் நிற்கிறது. ஊருக்குச் சற்று மேற்கே ஆம்பாய் எரிமலைக் கூம்பு. உயரம் சுமார் 250 அடிதான். போய்வர மூன்று மைல் நடை. மேற்குப் பக்கம் சுவர் உடைந்திருப்பதால் அதன் வழியாக உள்ளே போய்விடலாம். ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள்: அன்று எரிமலைக் குழம்பில் கொதித்த வாயுக் குமிழிகள் விட்ட ஓட்டைகள் அப்படியே இருக்கும். மேலேறினால் இன்னொன்றும் தெரியும். காற்று சுற்றிலும் வெளிர் மணலைப் பரப்பியிருக்க, கூம்பின் மறைவில் மட்டும் எரிமலைப் பாறை கருப்புப் பட்டையாகக் கிடக்கும். என்னைக் கேட்டால், இந்த வழியிலேயே நின்று பார்க்க வேண்டிய காட்சி இதுதான். பாறை கரடுமுரடானது, நல்ல ஷூ வேண்டும். முழங்கால் வலி இருந்தால் பெரியவர்கள் வண்டி நிறுத்துமிடத்து மேசையில் உட்கார்ந்து சாப்பிடலாம். அங்கே தண்ணீர் கிடையாது. ஆளுக்கு மூன்று லிட்டராவது எடுத்துப்போங்கள்.

அப்புறம், பெட்ரோலை ஆம்பாய்க்கு முன்பே வரும் லட்லோ ஊரிலேயே நிரப்பிவிடுங்கள். வழியில் செல்போன் சிக்னலை நம்பாமல், வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். ரூட் 66-இன் பழைய மரப்பாலங்கள் வெள்ளத்தில் சேதமாகி அவ்வப்போது சாலை மூடப்படும். முந்தைய நாளே சான் பெர்னார்டினோ மாவட்டத்தின் சாலை அறிவிப்பைப் பாருங்கள். ஆம்பாயிலிருந்து கிழக்கே போய், வடக்கே திரும்பும் கெல்பேக்கர் சாலையைப் பிடிக்க வேண்டும். ஆம்பாய்க்குக் கிழக்கே மூடியிருந்தால் லட்லோவுக்குத் திரும்பி ஐ-40 வழியாக அதைப் பிடிக்கலாம்.

அந்தச் சாலையில் கெல்சோ மணல்மேடுகள் வரும். உலர்ந்த மணல் சரிவில் உட்கார்ந்து சறுக்கினால் அடியிலிருந்து கும்மென்ற முழக்கம் எழும். மழை பெய்து மணல் நனைந்திருந்தால் எழாது. மூன்று மணிக்குள் அங்கே போய்ச்சேர முடிந்தால் மட்டும் இறங்குங்கள். தாமதமாகிவிட்டால் நேராக பேக்கர் ஊருக்குப் போய், லாஸ் வேகாஸ் போகும் ஐ-15 நெடுஞ்சாலையில் ஏறிவிடுங்கள்.