அட்வான்ஸ் வாங்கினீர்களா, டெபாசிட் வாங்கினீர்களா?

கடலூர் புதுப்பாளையத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "புதுச்சேரி குருசுக்குப்பத்தில் எங்களுக்கு ஒரு மாடி போர்ஷன் இருக்கிறது. போன மாதம் ஒரு பிரெஞ்சுக்காரத் தம்பிக்கு விட்டோம். வாடகை ரூ.10,000, அட்வான்ஸ் ரூ.50,000. பேச்சு முழுக்க வாட்ஸ்அப்பில், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். ஐம்பதாயிரத்தை மறுபேச்சில்லாமல் கொடுத்தார். இந்த மாதம் வாடகை கேட்டால், 'அஞ்சு மாசத்துக்குத்தான் கொடுத்துட்டேனே' என்கிறார். அவர் ஏமாற்றுகிறாரா, என் ஆங்கிலம் தப்பா?"

அவர் ஏமாற்றவில்லை அம்மா. உங்கள் ஆங்கிலத்தில் இலக்கணப் பிழை இருந்தாலும் அதனால் வந்த வினை இல்லை இது. 'அட்வான்ஸ்' என்ற ஒரு சொல் செய்த வேலை.

ஆங்கிலத்தில் அட்வான்ஸ் என்றால் முன்பணம். பிறகு கொடுக்க வேண்டியதை முன்கூட்டியே கொடுப்பது. கொடுத்தால் அது கழிந்துவிடும், திரும்பி வராது. நாமும் மற்ற இடங்களில் அப்படித்தான் சொல்கிறோம். சம்பள அட்வான்ஸ் வாங்கினால் மாதக் கடைசியில் பிடித்துக்கொள்கிறார்கள். கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தால் மொத்த வாடகையில் கழிக்கிறார்கள். வீட்டு வாடகைக்கு வரும்போது மட்டும் அதே சொல்லுக்கு வேறு பொருள் வந்துவிட்டது: காலி செய்யும்போது திருப்பித் தரவேண்டிய பிணைப் பணம். அதற்கு ஆங்கிலத்தில் 'டெபாசிட்', இன்னும் சரியாகச் சொன்னால் 'செக்யூரிட்டி டெபாசிட்'.

உங்கள் குடித்தனக்காரர் பிரெஞ்சுக்காரர் என்பதால் குழப்பம் இரட்டிப்பு. அவர் மொழியிலும் 'அவான்ஸ்' என்றால் முன்பணம்தான். வீட்டுக்குக் கொடுக்கும் பிணைப் பணத்துக்கு அங்கே 'கோசியோன்' என்று தனிச்சொல் இருக்கிறது. 10,000 வாடகை, 50,000 அட்வான்ஸ் என்று படித்தவர் ஐந்தால் வகுத்துப் பார்த்து நிம்மதியாகக் குடி வந்திருக்கிறார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

நம் சட்டமும் இதில் டெபாசிட் பக்கம்தான். தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டம் இந்தப் பணத்தை 'செக்யூரிட்டி டெபாசிட்' என்றே சொல்கிறது. இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்றும் சொல்கிறது. அது கடலூருக்குப் பொருந்தும். குருசுக்குப்பம் புதுச்சேரியில் இருப்பதால் அங்கே சட்டம் வேறு, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் வாசகத்தையும் பார்த்தேன். "ஐ வில் ரென்ட் தி ஹவுஸ்" என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழில் வாடகைக்கு விடுவது வேறு, எடுப்பது வேறு. ஆங்கில 'ரென்ட்' இரண்டுக்கும் போகும். பிரெஞ்சில் 'லுவே' என்ற சொல்லும் அப்படியே. அதனால் விடுகிறவர் 'ரென்ட் அவுட்' என்று எழுதுவது நல்லது. 'லெட்' என்றால் விடுவது மட்டும்தான். தெருத் தெருவாகத் தொங்குகிற 'டு லெட்' பலகையை நினைத்துக்கொண்டால் மறக்காது. 'ஹயர்' வீட்டுக்கு வேண்டாம். அது கார், சைக்கிள், மண்டபம் என்று கொஞ்ச நேரத்துக்கு எடுப்பதற்கு. அமெரிக்கர்கள் அதற்கும் ரென்ட் என்றே சொல்வார்கள்.

'லீஸ்' என்ற சொல்லைத் தொடவே தொடாதீர்கள் என்பேன். நம் ஊரில் "லீசுக்கு விடறோம்" என்றால் ஒரு பெரிய தொகையை மொத்தமாக வாங்கிக்கொண்டு, மாத வாடகை இல்லாமல் குடிவைத்து, காலி செய்யும்போது முழுசாகத் திருப்பித் தருவது. சிலர் போக்கியம் என்பார்கள். ஆங்கிலத்தில் லீஸ் என்றால் அந்த ஏற்பாடு யார் மனதிலும் வராது. 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 105-வது பிரிவைப் பார்த்தால், இடத்தை அனுபவிக்கும் உரிமையைக் கொடுக்கிற ஏற்பாட்டுக்குப் பெயர் லீஸ். அதற்காகத் தவணை தவணையாகக் கொடுக்கும் பணத்துக்குப் பெயர் ரென்ட். அதாவது நீங்கள் மாத வாடகைக்கு விட்டிருப்பதும் சட்டத்தின் கண்ணில் லீஸ்தான்! பத்திரம் மொழிபெயர்க்கும் வேலையில் இந்த ஒரு சொல்லுக்காக நான் கட்சிக்காரர்களிடம் பேசித் தீர்த்த மணிநேரம் கொஞ்சநஞ்சமல்ல.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. "பே ரென்ட் அன்டில் ஃபிஃப்த்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்தாம் தேதிக்குள் என்பதற்கு 'பை'. 'அன்டில்' என்றால் ஐந்தாம் தேதி வரைக்கும், அதாவது அதுவரை விடாமல் நடப்பது. தமிழில் 'க்குள்' வந்தால் பை, 'வரைக்கும்' வந்தால் அன்டில். அப்புறம் அந்த "மோட்டார் இஸ் ரிப்பேர்". நமக்கு ரிப்பேர் என்றால் கெட்டுப்போனது, அவருக்கு அது சரிசெய்யும் வேலை. "மோட்டார் இஸ் நாட் வொர்க்கிங்" போதும்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? முதலில் கோபப்படாமல் இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்: "தி ஃபிஃப்டி தவுசண்ட் இஸ் எ ரிஃபண்டபிள் செக்யூரிட்டி டெபாசிட், நாட் ரென்ட். ரென்ட் இஸ் டென் தவுசண்ட் எ மன்த், பேயபிள் பை தி ஃபிஃப்த்." கூடவே 'கோசியோன்' என்ற சொல்லையும் சேர்த்துவிடுங்கள், உடனே புரிந்துகொள்வார். "திடீரென்று இன்னொரு பத்தாயிரத்துக்கு எங்கே போவேன்" என்று அவர் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. முதல் இரண்டு மாத வாடகையை அந்தப் பணத்திலேயே கழித்துக்கொண்டு, மீதி 30,000-ஐ டெபாசிட்டாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாத வாடகை அளவுக்குக் கையில் பணம் இருந்தால் ஒரு மாடி போர்ஷனுக்கு அது தாராளம்.

அவருக்கு ரசீது கொடுத்தீர்களா? அதில் "அட்வான்ஸ் ரிசீவ்ட்" என்று எழுதியிருந்தால் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, எவ்வளவு வாடகை, எவ்வளவு டெபாசிட் என்று பிரித்து எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுப் புது ரசீது கொடுங்கள்.