கணவருக்கு மூன்று மாதத்தில் சரியாகுமாம், எனக்கு ஏன் ஆகாது?

கேள்வி: எனக்கு 34 வயது. திருமணமாகி நான்கு வருடமாகக் குழந்தை இல்லை. கணவருக்கு விந்தணு குறைவு என்று மருந்து கொடுத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள். எனக்கு முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.ஹெச். ஹார்மோன் குறைவாம். முட்டையைக் கூட்ட மருந்து கேட்டால், அப்படி ஒன்று கிடையாது என்கிறார் டாக்டர். அவருக்கு மட்டும் எப்படி? - பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: டாக்டர் சொன்னது சரிதான் சகோதரி. காரணத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேட்கிற பெண்ணுக்குத் தன் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று தோன்றிவிடும்.

முதலில் உங்கள் கணவர் பக்கம். விரையின் மெல்லிய சீவல் ஒன்றை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் வட்ட வட்டமாகத் தெரியும். எல்லாம் குறுக்கே வெட்டுப்பட்ட நுண்குழல்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் தடிமன்தான். குழலின் சுவரை ஒட்டி தாய்ச்செல்கள் உட்கார்ந்திருக்கும். அவை வாழ்நாள் முழுக்கப் பிரிந்துகொண்டே இருக்கும். சில தாய்ச்செல்லாகவே தங்கிவிட, மற்றவை உள்நோக்கி நகர்ந்து, குன்றல் பிரிவில் 46 குரோமோசோமை 23 ஆக்கிக்கொண்டு, வால் முளைத்து, குழலின் நடுவில் இருக்கும் வெற்றிடத்துக்கு வந்து சேரும். ஒரே வட்டத்தில் ஓரத்திலிருந்து நடுவரை விந்தணுவின் எல்லாப் பருவத்தையும் பார்த்துவிடலாம், எனக்கு இது ஒவ்வொரு முறையும் வியப்புதான். இவற்றுக்கு நடுவே உயரமாக நின்று ஊட்டம் கொடுப்பவை, 1865ல் இத்தாலியரான என்ரிகோ செர்டோலி விவரித்த செர்டோலி செல்கள். குழல்களுக்கு இடையே இருக்கும் லேடிக் செல்கள் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன.

தாய்ச்செல் விந்தணுவாக சுமார் 74 நாள். அப்புறம் எபிடிடிமிஸ் என்ற நீண்ட குழாயில் தங்கி நீந்தும் திறன் பெற இரண்டு வாரம்போல ஆகும். ஆக மூன்று மாதம். இன்று சிகரெட்டை விட்டால் அதன் பலன் ரிப்போர்ட்டில் தெரிய அவ்வளவு நாள் ஆகும். போன மாதம் கடும் காய்ச்சல் வந்திருந்தாலும் இப்போதைய எண்ணிக்கை குறையலாம், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

உங்கள் பக்கம் கதை வேறு. நீங்கள் உங்கள் அம்மா வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருந்தபோதே உங்கள் சினைப்பைகளில் 60, 70 லட்சம் முட்டைச் செல்கள் இருந்திருக்கும். அதன் பிறகு குறைவதுதான்: பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம், வயதுக்கு வரும்போது மூன்று நான்கு லட்சம். மாதாமாதம் வெளியேறுவது ஆயுளுக்கும் 400, 500தான், மற்றவை தானாகவே அழிந்துவிடும். பெருக்கிக் கொடுக்கத் தாய்ச்செல் இல்லாததால் மருந்துக்கு அங்கே வேலையில்லை.

சினைப்பையின் வெளிப்புறப் பகுதியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், ஒற்றை அடுக்குத் தட்டைச் செல்கள் சூழ, முட்டைகள் தூங்குவதைக் காணலாம். அவற்றில் சில அவ்வப்போது விழிக்கும். சுற்றியுள்ள செல்கள் தடித்து, பல அடுக்காகி, நடுவே நீர் கோத்த சிறு பையாகி, கடைசியில் ஒன்று மட்டும் சுமார் 2 சென்டிமீட்டர் வரை வளர்ந்து வெடிக்கும். இப்படி வளரத் தொடங்கிய சிறிய பைகளின் செல்கள் சுரப்பதுதான் ஏ.எம்.ஹெச். ரத்தத்தில் அதை அளந்து இருப்பைக் குத்துமதிப்பாகச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். முட்டையின் தரம் அதில் தெரியாது, தரத்துக்கு வயதுதான் முக்கியம். ஏ.எம்.ஹெச். குறைந்தவர்களும் இயற்கையாகவே கருத்தரிக்கிறார்கள். முட்டையைப் பெருக்கும் என்று விற்கும் பொடிகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். சிகிச்சையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: ஆணில் ஒரு செல்லிலிருந்து நான்கு விந்தணு வரும்போது, பெண்ணில் ஏன் ஒரே ஒரு முட்டை? - பிளஸ் டூ மாணவி, தென்காசி

பதில்: கரு முதல் சில நாட்கள் முட்டையில் இருக்கும் சேமிப்பை வைத்துத்தான் பிழைக்க வேண்டும். அதனால் பிரியும்போது சைட்டோபிளாசம் கிட்டத்தட்ட முழுவதும் ஒரே செல்லுக்குப் போகிறது. மிச்சக் குரோமோசோம்களோடு ஒதுங்கும் சின்னத் துருவ உறுப்புகள் அழிந்துவிடும்.

இன்னொன்றும் கவனியம்மா. இந்தக் குன்றல் பிரிவு இரண்டு கட்டமாக நடக்கும். முதல் பிரிவு தாயின் வயிற்றிலேயே தொடங்கி, பாதியில் நின்று, முட்டை வெளியேறுவதற்குச் சற்று முன்புதான் தொடர்கிறது. இரண்டாம் பிரிவோ விந்தணு உள்ளே நுழைந்தால்தான் முடியும். 40 வயதுப் பெண்ணின் முட்டை 40 வருடம் அப்படிக் காத்திருந்தது. அவ்வளவு காலம் கழித்துக் குரோமோசோம்கள் பிரியும்போது தவறு நேரும் வாய்ப்பு கூடுகிறது, தாயின் வயது ஏற ஏற, குழந்தைக்கு ஒரு குரோமோசோம் கூடிப்போவதால் வரும் டவுன் சிண்ட்ரோம் அதிகமாவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.