தண்ணீர் எங்கே கெடுகிறது? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஏரியைச் சுற்றி ஓர் ஆலைகூடக் கிடையாது. பிறகு ஏன் வருஷத்துக்கு வருஷம் பச்சைப் பாசி மூடிக்கொள்கிறது?

பதில்: மாசு என்றதும் ஆலையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்தான் எல்லார் கண்ணிலும் நிற்கிறது. உண்மையில் குழாய் இருந்தால் பாதி வேலை மிச்சம். அதன் வாயில் மாதிரி எடுக்கலாம், யாருடையது என்று கேட்கலாம், அடைக்கவும் செய்யலாம். உங்கள் ஏரிக்கு வருவது அப்படி ஒரே வாய் இல்லாத மாசு. வயலில் இட்ட உரம், கால்நடைச் சாணம், சாலையில் படிந்த எண்ணெய், வீட்டுக் கழிவுநீர் என நூறு இடங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேருவது.

பாசிக்குத் தீனி நைட்ரஜனும் பாஸ்பரஸும். நன்னீர் ஏரிகளில் பெரும்பாலும் பாஸ்பரஸ்தான் பற்றாக்குறை. அதனால் அது கொஞ்சம் வந்தாலே போதும்: 1 கிராம் பாஸ்பரஸை வைத்துச் சுமார் 100 கிராம் உலர் எடைப் பாசி வளர்ந்துவிடும். இரண்டும் வரும் வழி வேறு. நைட்ரஜன் நைட்ரேட் வடிவில் தண்ணீரில் கரைந்து நிலத்துக்குள் இறங்கும். பாஸ்பரஸ் மண் துகளில் ஒட்டிக்கொண்டு, மண் அரிக்கும்போது கூடவே வரும். ஆகவே கனமழை வரப்போகும் நேரத்தில் உரம் போடாமல் இருப்பதும், வாய்க்கால் ஓரத்தில் சில மீட்டர் அகலத்துக்குப் புல்லை வெட்டாமல் விடுவதும் நல்ல பலன் தரும். ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறோம்: பாஸ்பரஸ் வருவதை நிறுத்திய மறுவருஷமே ஏரி தெளியாது. அடிச்சேற்றில் இத்தனை காலம் சேர்ந்த பாஸ்பரஸ், ஆக்சிஜன் வற்றும் நேரங்களில் மறுபடி தண்ணீருக்குள் கரையும்.

கேள்வி: கோடை முடிந்து முதல் மழை பெய்ததும் மீன்கள் செத்து மிதக்கின்றன. யாராவது விஷம் கலக்கிறார்களா? மழைத் தண்ணீர் சுத்தமானதுதானே?

பதில்: மேகத்திலிருந்து விழும்வரை ஓரளவு சுத்தம்தான். மாதக்கணக்கில் சாக்கடையிலும் தெருவிலும் தேங்கிய அழுக்கு முழுவதையும் அந்த முதல் வெள்ளம் ஒரே மூச்சில் வழித்துக்கொண்டு வருகிறது. பிற்பாடு வரும் மழைகளில் இந்த வீரியம் இருக்காது.

கணக்கைப் பாருங்கள். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் அதிகபட்சம் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் 7.5தான். வீட்டுச் சாக்கடை நீரில் உள்ள அழுக்கைத் தின்று முடிக்க, பாக்டீரியாக்களுக்கு லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். காற்றிலிருந்து புதிதாக ஆக்சிஜன் கரையாவிட்டால், ஒரு லிட்டர் சாக்கடை சுமார் முப்பது லிட்டர் நல்ல தண்ணீரின் ஆக்சிஜனைக் குடித்துவிடும். பெரும்பாலான மீன்களுக்கு லிட்டருக்கு 4, 5 மில்லிகிராமுக்குக் கீழே போனாலே திணறல்தான்.

விஷமா, மூச்சுத் திணறலா என்று பிரித்துப் பார்க்க விடியற்காலையில் கரைக்குப் போங்கள். இரவெல்லாம் பாசியும் ஆக்சிஜனை இழுப்பதால் அளவு மிகக் குறைவாக இருப்பது அப்போதுதான். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், பெரிய மீன்கள் முதலில் செத்திருந்தால், ஆக்சிஜன் பற்றாக்குறை என்று பெரும்பாலும் கொள்ளலாம். பட்டப்பகலில், சிறிசு பெரிசு பாராமல் மீனோடு நத்தையும் தவளையும் சேர்ந்து செத்தால், பூச்சிமருந்தையோ வேறு ரசாயனத்தையோ சந்தேகியுங்கள்.

கேள்வி: குட்டையின் மேல் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம் தெரிகிறது. பக்கத்தில் வண்டிகூட வருவதில்லை.

பதில்: ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். உடைந்த கண்ணாடிபோலச் சில்லுச் சில்லாகப் பிரிந்து அப்படியே நின்றால், அது இரும்பைச் சார்ந்து வாழும் பாக்டீரியாக்களின் படலம். ஓரத்தில் துருநிறச் சகதியும் இருக்கும், பெரிய கெடுதல் இல்லை. குச்சி போன தடம் சுழன்று உடனே ஒன்றுசேர்ந்தால் அது பெட்ரோலிய எண்ணெய்.

கேள்வி: டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் கருவி) 150 காட்டுகிறது. தைரியமாகக் குடிக்கலாமா?

பதில்: அந்த எண்ணை வைத்து முடிவு செய்ய முடியாது. மீட்டர் பார்ப்பது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை. அதிலிருந்து உப்பைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறது. மலக்கிருமி அதற்குத் தெரியாது, பூச்சிமருந்தும் தெரியாது. ஆர்சனிக்குக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதைப்போல ஐந்து மடங்கு இருந்தாலும் மீட்டரின் எண் அசையாது. இந்த ஆர்சனிக்கும் ஃபுளோரைடும் பல இடங்களில் பாறையிலிருந்தே கரைந்து வருபவை, யார் மேலும் பழிபோட முடியாது.

கேள்வி: கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவே 15 மீட்டர் இருக்கிறது. இருந்தும் பரிசோதனையில் ஈ-கோலை (மலத்திலிருந்து வரும் கிருமி) வந்தது. எப்படி?

பதில்: மீட்டர் கணக்கு மட்டும் காப்பாற்றாது. நடுவில் நுண்மணல் இருந்தால் கிருமிகள் பெருமளவு வடிகட்டப்படும். வெடிப்புள்ள பாறையாக இருந்தால் குழாயில் வருவதுபோல நேரே வந்து சேரும். டேங்கிலிருந்து வரும் கழிவுநீர் மண்ணுக்குள் இறங்கும் உறிஞ்சுகுழியின் அடி, மழைக்காலத்து நிலத்தடி நீர்மட்டத்துக்கு 2 மீட்டராவது மேலே இருக்க வேண்டும். கோடையில் பார்த்துத் தோண்டிவிட்டு, மழைக்காலத்தில் குழி தண்ணீருக்குள் உட்கார்ந்திருப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு.

ஆனால் டேங்கைக் குறை சொல்லுமுன் கிணற்றைப் பாருங்கள். மழை பெய்த சில மணி நேரத்திலேயே தண்ணீர் கலங்கினால் மேல்நீர் நேராக உள்ளே போகிறது: உறையில் விரிசல், சுற்றுத் தளம் இல்லாமை, போர்வெல் என்றால் கேசிங் குழாயின் வெளிப்புறம் அடைக்காமல் விட்டது. கலங்கவே இல்லை, ஆனால் ஈ-கோலையோடு நைட்ரேட்டும் குளோரைடும் சேர்ந்து உயர்ந்திருக்கிறது என்றால் கழிவறைப் பக்கம் சந்தேகம் வலுக்கிறது. ஈ-கோலை இல்லாமல் நைட்ரேட் மட்டும் உயர்ந்திருந்தால் உரத்தையும் கணக்கில் எடுங்கள்.

அவசரத்துக்கு பிளீச்சிங் பவுடர்: 1000 லிட்டருக்கு 2.5 கிராம். 2 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீராழமும் உள்ள கிணற்றில் சுமார் 9,400 லிட்டர் இருக்கும், ஆக 24 கிராம் போதும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் கிணற்றுக்குள் இறக்கிக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்தே எடுக்கலாம். பழைய, காற்றுப்பட்ட பவுடரில் குளோரின் போய்விட்டிருக்கும். கலங்கல் நீர் குளோரினை விழுங்கிவிடும். கசிவை அடைக்காதவரை இதைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

கேள்வி: நைட்ரேட் உள்ள தண்ணீரைக் காய்ச்சினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. தண்ணீர் ஆவியாகும், நைட்ரேட் தங்கும். காய்ச்சக் காய்ச்சச் செறிவு கூடும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால் கரைக்கவே கூடாது.

கேள்வி: ஒரு வடிகால் ஆற்றைக் கெடுக்கிறது என்று சந்தேகம். ஆய்வகத்துக்கு மாதிரி எப்படி எடுப்பது?

பதில்: ஒரே ஒரு மாதிரியை எடுத்துக்கொண்டு போனால் யார் கெடுத்தது என்று சொல்ல முடியாது. வடிகால் சேரும் இடத்துக்கு மேலே ஒன்று, தண்ணீர் நன்றாகக் கலந்த கீழ்ப்பகுதியில் ஒன்று, வடிகாலின் வாயிலேயே ஒன்று, மூன்றும் ஒரே நாளில் வேண்டும். கீழ் மாதிரியை முதலில் எடுங்கள். மேலே இறங்கினால் கிளம்பும் சேறு கீழே வந்துவிடும். எதிர்நீரைப் பார்த்து நின்று, பாட்டிலின் வாயையும் அந்தப் பக்கமே திருப்பி, பரப்புக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில் நிரப்ப வேண்டும்.

கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய பாட்டிலைக் கழுவக் கூடாது. உள்ளே வெள்ளைப் பொடி இருந்தால் கொட்டிவிடாதீர்கள், அது குளோரினை முறிப்பதற்கு. மேலே இரண்டு விரற்கடை இடம் விட்டு மூடி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுங்கள். ரசாயனச் சோதனைக்கு வேறு பாட்டில். அதை அதே தண்ணீரில் மூன்று முறை அலசலாம். உலோகச் சோதனைக்கு அமிலம் சேர்த்த பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள், அதை மட்டும் அலச வேண்டாம். எடுத்த நேரத்தையும், மழை பெய்ததா என்பதையும் பாட்டிலின் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.