அம்மம்மாவுக்கு மொழிபெயர்த்த பிள்ளை

வணக்கம். மகளுக்கு லண்டனில் தாதியர் பட்டப்படிப்புக்கு நேர்முகத் தேர்வு வந்திருக்கிறது. வளர்ந்தோர் பிரிவு. இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. தாதியருக்கு வேண்டிய ‘ஆறு சி’ பண்புகளையும் பாடமாக்கிவிட்டாள். அனுபவம் என்று சொல்ல எதுவும் இல்லை. அம்மம்மாவைக் குடும்ப மருத்துவரான ஜி.பி.யிடம் கூட்டிப்போய் மொழிபெயர்த்திருக்கிறாள், அவ்வளவுதான். வேறென்ன படிக்க வேண்டும்?
ஒரு தாய், ஹாரோ

அன்புள்ள சகோதரிக்கு,

‘அவ்வளவுதான்’ என்று நீங்கள் ஒதுக்கியதுதான் மகளிடம் இருக்கும் மிக நல்ல பதில். ஆனால் “அம்மம்மாவுக்கு நான்தான் எல்லாம் விளங்கப்படுத்தினேன்” என்று பெருமையோடு நிறுத்தினால், “அதில் என்ன பிழை நடந்திருக்கலாம்?” என்று அடுத்த கேள்வி வரும். குடும்பத்தவர், அதிலும் பிள்ளைகள், மொழிபெயர்ப்பதை அரச மருத்துவ சேவையான என்.எச்.எஸ். விரும்புவதில்லை. பேத்தி பக்கத்தில் இருக்கும்போது அம்மம்மா சிறுநீர் கசிவதைச் சொல்லக் கூச்சப்படுவார். “வாழவே வெறுத்துப்போச்சு” என்றதைப் பிள்ளை “கொஞ்சம் களைப்பு” என்று மாற்றிவிடலாம். மருந்தின் அளவும் மாறிப்போகலாம். இதையெல்லாம் தானே சொல்லி, “இனி நான் தாதியாக இருந்தால் தொழில்முறை மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுவேன்” என்று மகள் முடிக்கட்டும். மாதக்கணக்கில் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்தவர்கள்கூட இப்படி யோசித்துச் சொல்வது அரிது.

பராமரிப்பு, பரிவு, திறன், தொடர்பாடல், துணிவு, ஈடுபாடு என்ற, ஆங்கிலத்தில் ‘சி’ எழுத்தில் தொடங்கும் ஆறும் 2012 இறுதியில் இங்கிலாந்தில் முன்வைக்கப்பட்டவை. யாரும் ஒப்புவிக்கச் சொல்லமாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் மகளின் சொந்த வாழ்விலிருந்து ஒரு சம்பவம் வேண்டும். எங்கள் பிள்ளைகள் தடுமாறுவது துணிவில். இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் நோயாளிகள் குடிக்கத் தண்ணீர்கூடக் கிடைக்காமல் கிடந்ததையும், குரல் கொடுத்த ஊழியர்கள் கவனிக்கப்படாததையும் சட்டத்தரணி ராபர்ட் பிரான்சிஸின் 2013 விசாரணை அறிக்கை வெளிக்கொண்டுவந்தது. அதை ஒருமுறையாவது வாசித்தால், இந்தக் கேள்வி ஏன் தவறாமல் வருகிறது என்று புரியும். “மூத்த தாதி கைகழுவாமல் அடுத்த நோயாளியிடம் போகிறார், என்ன செய்வாய்?” பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று வளர்க்கப்பட்ட பிள்ளை “அவருக்குத் தெரியும்தானே” என்று நழுவும். அங்கேதான் படிப்புக்கான இடம் கைவிட்டுப் போகிறது. அந்த இடத்திலேயே மரியாதையாக நினைவூட்ட வேண்டும். அவர் கேட்காவிட்டால் வார்டுப் பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் பல்கலைக்கழகத்துக்கு அறிவிக்க வேண்டும். இந்த வரிசையை வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும்.

முதியவர் ஒருவர் குளிக்க மறுக்கிறார் என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. கட்டாயப்படுத்துவதும் பிழை, சரி என்று விட்டுப்போவதும் பிழை. வலியா, குளிரா, ஆண் தாதி என்ற கூச்சமா என்று முதலில் கேட்க வேண்டும். முகத்தையும் கையையும் மட்டும் துடைக்கலாமா, பிறகு வரட்டுமா என்று தெரிவு கொடுத்துவிட்டு, பொறுப்பான தாதியிடம் சொல்லிக் குறிப்பில் பதிய வேண்டும்.

சில பல்கலைக்கழகங்கள் மருந்தளவுக் கணக்குத் தேர்வும் வைக்கின்றன. தேவையான அளவைக் கையிலுள்ள அளவால் வகுத்து, அது கரைந்துள்ள மில்லிலீட்டரால் பெருக்க வேண்டும். 5 மில்லிலீட்டரில் 250 மில்லிகிராம் உள்ள மருந்தில் 375 மில்லிகிராம் தேவை என்றால் 7.5 மில்லிலீட்டர். 1 லீட்டர் சேலைன் 8 மணித்தியாலத்தில் ஏற வேண்டும் என்றால் மணிக்கு 125 மில்லிலீட்டர். பெருக்கலில் பிழைவிடுவதை விட அலகில் பிழைவிடுவோர்தான் அதிகம். 0.125 மில்லிகிராம் என்பது 125 மைக்ரோகிராம். வெறும் ‘.5’ என்று எழுதவே கூடாது, ‘0.5’ என்றே எழுத வேண்டும். புள்ளி கண்ணில் படாவிட்டால் நோயாளிக்குப் போவது பத்து மடங்கு. கல்குலேட்டர் இல்லாமல் தினம் பத்துக் கணக்குப் போடட்டும்.

தேர்வு எந்த வடிவில் என்பதை அழைப்புக் கடிதத்தில் பாருங்கள். பல மேசைகள், மேசைக்குச் சில நிமிடம் என்ற முறை என்றால் மணிக்கூடு வைத்து, ஒரு பதிலுக்கு இரண்டு நிமிடம் என்று பழக வேண்டும். ஒரு மேசையில் சொதப்பினால் அதை அங்கேயே விட்டுவிடச் சொல்லுங்கள். அடுத்த மேசையில் இருப்பவருக்கு அது தெரியாது.

“குழந்தைகள் என்றால் எனக்கு உயிர்” என்று மட்டும் சொல்லவேண்டாம். அவள் விண்ணப்பித்தது வளர்ந்தோர் பிரிவுக்கு.

படிப்புக்குள் 2,300 மணித்தியாலம் செய்முறைப் பயிற்சி இருக்கிறது, இரவு வேலையும் சேர்த்து. “சமாளிப்பேன்” என்ற ஒற்றைச் சொல்லை யாரும் நம்பமாட்டார்கள். காலை ஏழரைக்கு ஷிஃப்ட் என்றால் ஹாரோவிலிருந்து எத்தனை மணி ரயில், இரவு வேலை முடிந்து வந்து பகலில் எந்த அறையில் தூங்குவது என்பதை இந்தக் கிழமையே நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். குளிக்க மறுக்கும் நோயாளியாக அம்மம்மாவே நடிக்கட்டும்.