பழைய படத்துக்கு விமர்சனம்: முதலில் பிரதியைச் சரிபாருங்கள்

கேள்வி: பழைய படங்களைத் தேடிப் பார்த்து விமர்சனம் எழுதத் தொடங்கியிருக்கிறேன். எதிலிருந்து தொடங்குவது என்று புரியவில்லை. சில மௌனப் படங்களில் நடிகர்கள் சாவி கொடுத்த பொம்மைகளைப் போல ஓடுகிறார்கள். எழுதி முடித்தால் கதைச்சுருக்கம்தான் மிஞ்சுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: பொம்மை ஓட்டத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அது பெரும்பாலும் படத்தின் குறையன்று, நீங்கள் பார்த்த பிரதியின் குறை. மௌனப் பட நாட்களில் கேமராவைக் கையால் சுழற்றியே படம் எடுத்தார்கள். அதனால் ஒரு நொடிக்கு இத்தனை ஃபிரேம், அதாவது தனித்தனி நிழற்படம், என்பது படத்துக்குப் படம் மாறியது. ஒலி வந்த பிறகுதான் 24 என்ற கணக்கு நிலைபெற்றது. 16 ஃபிரேமில் எடுத்ததை 24இல் ஓட்டினால் 90 நிமிடப் படம் 60 நிமிடத்தில் முடிந்துவிடும். துக்கத்தில் தளர்ந்து நடப்பவரும் வண்டியைப் பிடிக்க ஓடுபவராகத் தெரிவார். அதைப் பார்த்துவிட்டு ‘நடிப்பு மிகை’ என்று எழுதினால் பழி நடிகர் மேல் விழும்.

அகலத்திரையிலும் இதே சிக்கல் உண்டு. அகலமும் உயரமும் 2.35:1 விகிதத்தில் அமைந்த சினிமாஸ்கோப் என்ற அகலத்திரைப் படத்தைப் பழைய தொலைக்காட்சியின் 4:3 சட்டத்துக்குள் அடைக்க இருபுறமும் வெட்டிய பிரதிகளில், படத்தின் பரப்பில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் காணாமல் போயிருக்கும். நீளமும் கவனிக்கத்தக்கது. ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய மௌனப் படமான ‘மெட்ரோபோலிஸ்’ 1927இல் பெர்லினில் வெளியான பின் வெட்டிக் குறைக்கப்பட்டது. 2008இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸில் ஒரு 16 மி.மீ. பிரதி கிடைத்து, ஏறத்தாழ 25 நிமிடக் காட்சிகள் 2010ஆம் ஆண்டு மீட்டெடுப்பில் சேர்ந்தன. அதற்கு முன் ‘கதையில் கோர்வை இல்லை’ என்று எழுதியவர்கள் படத்தைக் குறை சொன்னார்களா, கத்தரிக்கோலைக் குறை சொன்னார்களா என்பது யோசிக்க வேண்டிய விஷயம். ஆகவே எந்தப் பிரதி, எத்தனை நிமிடம் என்பதை விமர்சனத்தின் முதல் வரியிலேயே குறித்துவிடுங்கள்.

எதைப் பார்ப்பது என்பதற்குத் தரவரிசைகளை முழுவதும் நம்ப வேண்டாம். பிரிட்டனின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்தும் வாக்கெடுப்பில் 1962 முதல் 2002 வரை ‘சிட்டிசன் கேன்’ முதலிடத்தில் இருந்தது. 2012இல் ‘வெர்டிகோ’, 2022இல் ‘ஜான் டீல்மன்’ என்று அந்த இடம் கைமாறிவிட்டது. பட்டியலை ஒரு வாசலாக வைத்துக்கொண்டு, உள்ளே நுழைந்ததும் ஒரு கலைஞரின் கையைப் பற்றிக்கொள்வதுதான் என் வழக்கம். ‘சிட்டிசன் கேன்’ படத்தின் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டைப் பின்தொடர்ந்தால், ஜான் ஃபோர்டின் ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ (1940), வில்லியம் வைலரின் ‘தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ (1946) எனப் படங்கள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும்.

கதைச்சுருக்க நோய்க்கு மருந்தும் 1941இல் வந்த அந்த ‘சிட்டிசன் கேன்’ படத்திலேயே இருக்கிறது. பனியில் விளையாடும் சிறுவனிடம் தொடங்கும் கேமரா, மெல்லப் பின்வாங்கி ஜன்னல் வழியே வீட்டுக்குள் வருகிறது. முன்னால் மேசையில் தாய் அவனை ஒரு வங்கியாளரிடம் ஒப்படைக்கும் தாளில் கையெழுத்திடுகிறாள். தந்தை நடுவில் நின்று முணுமுணுக்கிறார். வெகு தூரத்தில், ஜன்னல் சட்டத்துக்குள், சிறுவன் ஏதும் அறியாமல் கூச்சலிட்டு விளையாடுகிறான். முன்னாலிருப்பதும் பின்னாலிருப்பதும் ஒரே தெளிவில் தெரிவதால், அவன் வாழ்க்கை தீர்மானிக்கப்படுவதையும் அது அவனுக்குத் தெரியாததையும் ஒரே பார்வையில் காண்கிறோம். ‘தாய் மகனை அனுப்பிவிடுகிறாள்’ என்பது கதை. ஜன்னலுக்குள் அவன் எவ்வளவு சிறிதாகத் தெரிகிறான் என்று எழுதுவதே விமர்சனம். கதைக்கு நான்கு வரிகளுக்கு மேல் ஒதுக்காதீர்கள். இப்படிப்பட்ட ஒரே ஒரு காட்சியை மறுபடி ஓட்டிப் பார்த்து, கேமரா எங்கே நிற்கிறது, எப்போது வெட்டு விழுகிறது என்று குறித்துக்கொண்டு எழுதுங்கள்.

‘அந்தக் காலத்துக்கு நல்ல படம்’ என்ற தொடரை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அது பாராட்டும் ஆகாது, கண்டனமும் ஆகாது. ஒரு சமூகத்தைக் கேலிச்சித்திரமாக்கியிருந்தால் அதைக் காலத்தின் பெயரால் மன்னிக்காமல் நேராகச் சொல்லலாம், அதே பத்தியில் ஒளியமைப்பைப் புகழவும் செய்யலாம். பிறருடைய விமர்சனங்களை உங்களுடையதை எழுதி முடித்த பிறகு படியுங்கள்.